குதிரை ஈயும் கொல்லாமையும்

வாணிகம் நடவாத கடைக்காரரை "ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார்" என்று உலகம் எள்ளும். குதிரை லாயத்திலோ ஈ ஓட்டுதல் எள்ளலுக்குரிய வேலையன்று. அரசர் படையில் அதற்கென்றே ஆள் நின்ற காலம் உண்டு. பின்னாளில் அந்த ஆளின் இடத்தை எண்ணெயும் தூளும் பற்றின. இன்று அவ்விடத்தில் தெளிப்பான் பொருத்திய புட்டி நிற்கிறது.

எங்கள் உறவில் ஒரு பெண் கால்நடை மருத்துவம் பயின்று, குதிரைப் பண்ணை ஒன்றில் பணிபுரிகிறாள். சென்ற சித்திரையில் ஊருக்கு வந்தவள் என்னிடம், "பெரியப்பா, வெயில் காலம் தொடங்கியதும் குதிரைகளுக்கு ஈ விரட்டி அடிக்கச் சொல்கிறார்கள். நம் விரதத்துக்கு அது ஒத்து வருமா?" என்று வினவினாள். "விரட்டுவதில் பிழை என்னம்மா? கொன்றால்தானே பிழை?" என்றேன். "அந்தப் புட்டியில் இருப்பது விரட்டுவதா கொல்வதா என்பதுதான் என் ஐயமே" என்றாள். தமிழ் படித்தவனுக்கு அவ்வினாவை உடனே விடுக்க இயலவில்லை. சில திங்கள் நூல்களைப் புரட்டியதில் கிடைத்தவற்றை இம்மலரில் முறைப்படுத்தித் தருகிறேன். குதிரை வளர்ப்போர் நம்மில் அரியர். ஆயினும் மாடு கட்டியிருக்கும் வீடுகள் நம் ஊர்களில் இன்னும் உள. மாட்டை மொய்ப்பனவும் பெரும்பாலும் இதே ஈக்கள்தாம்.

முதலில் ஈயின் இயல்பு. நம் ஆகமம் உயிர்களைப் பொறிகளின் எண்ணிக்கையால் வகுக்கும். ஈயும் கொசுவும் வண்டும் மெய், வாய், மூக்கு, கண் என்னும் நான்கு பொறி உடையன. தொல்காப்பிய மரபியலும் தும்பியை நாலறிவுடையதாகவே கூறுகிறது. தமிழ் இலக்கணமும் சமண மரபும் இவ்விடத்தில் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதை மாணவர்க்குப் பாடம் சொன்ன நாள்களில் பலகால் வியந்திருக்கிறேன். குதிரையோ ஐம்பொறியும் மனமும் உடையது. மூன்றாம் தீர்த்தங்கரராகிய சம்பவநாதரின் இலாஞ்சனை குதிரை என்பதை இம்மலரைப் படிப்போர்க்கு நான் நினைவூட்ட வேண்டுவதில்லை.

குதிரையை வருத்தும் ஈக்கள் ஒருவகையின அல்ல. குதிரை ஈ எனப்படும் பெரிய ஈ நடுப்பகல் வெயிலில் பறப்பது. இதில் பெண் ஈ மட்டுமே குருதி உண்ணும். முட்டை முதிர்வதற்கு அஃது அதற்கு வேண்டும். ஆண் ஈ பூந்தேன் உண்டு வாழும். இதன் புழுக்கள் வளர்வது நீர்க்கரைச் சேற்றில். வீட்டு ஈயைப் போலவே தோன்றிக் காலில் கடிக்கும் லாய ஈ மற்றொன்று. அதில் ஆணும் பெண்ணும் கடிக்கும். மூத்திரத்தில் நனைந்த வைக்கோலும் சாணமும் கலந்து அழுகும் இடம் அதற்குத் தொட்டில். வீட்டு ஈ கடிப்பதில்லை. ஆயினும் குதிரையின் கண்ணீரையும் புண்ணையும் நாடி மொய்த்து நோய் பரப்பும். நான்காவது, கண்ணுக்கு எளிதிற் புலப்படாத குறுங்கொசு. அந்தியிலும் விடியலிலும் வந்து கடித்துத் தோலில் தீராத அரிப்பை உண்டாக்கும். ஒவ்வொன்றுக்கும் பிறப்பிடமும் பொழுதும் வேறு வேறாதலின், 'ஈக்கு மருந்து' என ஒரே சொல்லால் அடக்கிவிட முயல்வது பொருந்தாது.

இவற்றுக்கு எதிராக இயற்கை குதிரைக்கு வழங்கிய படைக்கலங்கள் பல. நீண்ட மயிருடைய வால் பின்னுடலைக் காக்கும். பிடரியும் நெற்றிமயிரும் கழுத்தையும் கண்ணையும் காக்கும். தோலுக்கு அடியில் மெல்லிய தசை ஒன்று உளது. ஈ அமர்ந்த இடத்தை மட்டும் துடிக்கச் செய்து அதனை உதறிவிட அது குதிரைக்கு உதவுகிறது. இரண்டு குதிரைகள் தலை மாறி நின்று, ஒன்றன் முகத்து ஈயை மற்றொன்றன் வால் ஓட்டுவதைக் காணாதார் இரார். பிரான்சு நாட்டின் காமார்க் சதுப்பு நிலத்துக் குதிரைகளை ஆராய்ந்தோர் 1979இல் ஓர் உண்மையை வெளியிட்டனர்: பெருங்கூட்டமாக நிற்கும் குதிரைகளுள் ஒவ்வொன்றன் மேலும் அமரும் ஈக்களின் தொகை, சிறுகூட்டத்துக் குதிரைகளின் மேல் அமர்வதினும் குறைவு. கூடி வாழ்தலின் பயனைக் குதிரைகளும் அறிந்திருக்கின்றன போலும்.

இனி நம் நாட்டு வரலாற்றுக்கு வருவோம். கடல் வழியே குதிரைகள் தமிழ்த் துறைமுகங்களில் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பாண்டியர் காலத்தில் அவ்வாணிகம் பெருகியது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, மன்னன் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்க விழைவதாகவும், ஆண்டு முடிவில் அவற்றுள் 100 கூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதினார். குதிரை மருத்துவம் அறிந்தோர் இந்நாட்டில் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். குதிரை விற்ற அயல்நாட்டு வணிகர் அத்தகைய மருத்துவரை இங்கு வரவிடாமலும் தடுத்தனராம். குதிரைகள் மடிந்தால்தானே வாணிகம் வளரும்! வேக வைத்த சோற்றையும் இறைச்சியையும் குதிரைக்கு உணவாக இட்டனர் என்றும் அவர் கூறுகிறார். அவர் கூற்றில் மிகை இருக்கலாம். ஆனால் வறண்ட அரபு நாட்டில் பிறந்த குதிரை, ஏரியும் வயலும் சூழ்ந்த மருத நிலத்தில் எத்தனை வகை ஈக்கு இரையாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அதற்கு முன்னரே லாயம் அமைக்கும் முறையை வடநூலார் எழுதிவைத்திருந்தனர். கௌடலியரின் அர்த்தசாத்திரத்தில் குதிரைக் கண்காணிப்பாளனுக்கென ஓர் அத்தியாயம் உண்டு. ஒவ்வொரு குதிரைக்கும் பலகை பாவிய தனியிடம், தீவனத் தொட்டி, மூத்திரமும் சாணமும் நீங்குவதற்கு வழி ஆகியவற்றை அது விதிக்கிறது. பலகைத் தரையும் கழிவு நீங்கும் வழியும் இருப்பின் லாய ஈ முட்டையிட ஈரமான இடம் கிட்டாது. இதனை அந்நூலார் ஈயைக் கருதி எழுதினாரா என்று கேட்டால், எழுதினார் என்று துணிந்து கூற மாட்டேன். குளம்பைக் காக்கவே எழுதியிருக்கலாம். பயன் மட்டும் இரண்டுக்கும் பொது. நகுலன் பெயரால் வழங்கும் அசுவசாத்திரம் போன்ற நூல்களும் இவ்வழி வந்தவை. தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் அதனைப் பதிப்பித்துள்ளது.

ஈ வெறும் தொல்லையன்று, கூற்றுவனின் தூதன் என்பது நிறுவப்பட்டது ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில். சிந்து நதிக்கரையில், இன்று பாகிசுதானைச் சேர்ந்த தேரா இசுமாயில்கானில், படைக் குதிரைகளும் ஒட்டகங்களும் 'சர்ரா' என்னும் நோயால் மெலிந்து வீழ்ந்தன. காய்ச்சல் விட்டு விட்டு வரும், குருதி குன்றும், காலும் வயிறும் வீங்கும், மருத்துவம் இன்றேல் குதிரை பிழைப்பது அரிது. 1880இல் கிரிஃபித் எவன்சு என்னும் கால்நடை மருத்துவர் நோயுற்ற விலங்குகளின் குருதியை நுண்பெருக்கியில் நோக்கி, அதில் நெளிந்து நீந்தும் ஓர் ஒட்டுயிரைக் கண்டார். நோய்க்குக் காரணம் அதுவே என்று அவர் கூறியதை அக்கால அறிஞர் பலர் ஏற்கவில்லை. இன்று அவ்வொட்டுயிர் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1835இல் வேல்சு நாட்டில் பிறந்த எவன்சு 1935 வரை, நூறாண்டு நிறைய வாழ்ந்தவர்; தம் கண்டுபிடிப்பு ஏற்கப்பட்டதைக் கண்ணாரக் கண்டார்.

அந்நோயைக் குதிரை ஈ பரப்புகிறது என்பதை 1901இல் லெனார்டு ராசர்சு சோதனையால் மெய்ப்பித்தார். பரவும் முறை நம் ஆய்வுக்கு மிக இன்றியமையாதது. கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமி வளர்வதைப் போல, சர்ராக் கிருமி ஈயின் வயிற்றில் வளர்வதில்லை. ஈ ஒரு குதிரையைக் கடித்துக் குருதி உண்ணும்போது அக்குதிரை வாலை வீசி அதனை விரட்டும். பாதிப் பசியோடு எழுந்த ஈ அருகில் நிற்கும் குதிரையின் மேல் சென்று அமரும். வாயில் உலராத குருதியோடு நோயும் அங்கே செல்லும். ஆகவே கடிக்கத் தொடங்கிய பின் விரட்டுதல் ஒன்றனைக் காத்து மற்றொன்றன் மேல் நோயை ஏவுவதாக முடியலாம். 'விரட்டினால் தீங்கில்லை' என்று நான் அவளிடம் எளிதாகச் சொன்னது எவ்வளவு குறைபட்ட விடை என்பது இவ்விடத்தில் விளங்கும். குதிரைகளுக்கு வரும் தொற்றுச் சோகை என்னும் மற்றொரு நோயும் இவ்வாறே பரவுகிறது. அமெரிக்காவில் அந்நோயுற்ற குதிரையைப் பிற குதிரைகளிலிருந்து 200 கஜத் தொலைவில் நிறுத்துகின்றனர். இடையில் எழுப்பப்பட்ட ஈ அத்துணைத் தொலைவு பறந்து வேறு குதிரையை நாடாது. எழுந்த இடத்துக்கே மீளும். மருந்தின்றி, கொலையின்றி, வெறும் தொலைவால் நோயைத் தடுக்கும் இம்முறை எனக்கு மிகவும் உவப்பானது.

குறுங்கொசுவின் கொடுமையோ இதனினும் பெரிது. ஆப்பிரிக்கக் குதிரை நோய் என்பது அதனால் பரவுவது. 1959 முதல் மேற்காசிய நாடுகளில் தொடங்கிப் பாகிசுதான், இந்தியா வரை அந்நோய் பரவியபோது மடிந்த குதிரை, கழுதை, கோவேறு கழுதைகள் 3 இலட்சத்துக்கும் மேல். பூச்சியைத் தடுக்காமல் வாளாவிருப்பதே கொல்லாமை என்று கருதுவோர் இவ்வெண்ணை மனத்துட் கொள்ள வேண்டும்.

குதிரையின் இயற்கைப் படைக்கலத்தை மனிதன் பறித்த கதையும் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் வண்டிக் குதிரைகளின் வாலை எலும்போடு வெட்டிக் குறைப்பது நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. கடிவாள வார் வாலில் சிக்கும் என்றனர் சிலர். பெரும்பகுதி வெறும் ஒப்பனை மோகம். அன்னா சூவெல் 1877இல் வெளியிட்ட 'பிளாக் பியூட்டி' என்னும் கதையில், வால் இழந்த முதிய குதிரை ஒன்று, ஈ கடிக்கும்போது ஓட்ட வழியின்றி வாழ்நாள் முழுதும் படும் துன்பத்தைக் கூறுவதாக ஒரு பகுதி வருகிறது. சிறுவர் கதை என்று பலர் தள்ளிவிடும் நூல் அது. நான் ஓய்வு பெற்ற பின்னரே படித்தேன். அவ்வழக்கத்தைத் தடை செய்யும் சட்டம் அந்நாட்டில் 1949இல்தான் வந்தது. நம் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கொல்லாமை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைச் சொல்கிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகைப்பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். ஐந்தும் வீட்டு விலங்குகளைக் கண்முன் நிறுத்தி எழுதியவை போலவே இருக்கின்றன. வாலை அறுத்துவிட்டுப் பின்னர் ஈ மருந்து தேடுவோர் மூன்றாம் அதிசாரத்தில் தொடங்குகின்றனர்.

மருந்தின் வரலாறு இனி. பழங்கால உழவர் கையில் இருந்தவை மணமும் புகையுமே. மேனாட்டார் அக்ரூட் மரத்தின் இலையை ஊறவைத்த நீரால் குதிரையைத் துடைத்தனர். தாரும் மீன் எண்ணெயும் பூசினர். (மீன் எண்ணெய் நமக்கு ஆகாது என்பதைச் சொல்ல வேண்டுமா!) நம் பக்கத்தில் வேப்பெண்ணெயும் புங்கெண்ணெயும் தடவுவர், மாலையில் நொச்சி, வேம்பு இவற்றின் பச்சிலையை இட்டு மூட்டம் போடுவர். என் இளமையில் எங்கள் ஊர்க் குதிரை வண்டிக்காரர் வேப்பங்கொத்து ஒன்றைக் குதிரையின் நெற்றிப் பட்டையில் செருகியிருப்பார். அழகுக்காக என்றே அப்போது எண்ணியிருந்தேன்.

19ஆம் நூற்றாண்டில் பைரித்ரம் என்னும் பூத்தூள் பரவியது. தால்மேசியக் கடற்கரையில் விளையும் சாமந்தி இனப் பூவை உலர்த்தி இடித்த தூள் அது. பூவிலிருந்து வந்ததால் அது மென்மையானது என்று மயங்க வேண்டா; பூச்சியின் நரம்பைத் தாக்கி வீழ்த்துவது. வெயில் பட்டால் விரைவில் வலியிழப்பது அதன் குறை. இரண்டாம் உலகப்போரை ஒட்டி டி.டி.டி. வந்தது. அதன் பூச்சிக்கொல்லும் ஆற்றலைக் கண்டறிந்த பவுல் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்தது. லாயங்களிலும் மாட்டுக் கொட்டில்களிலும் சுவர் தோறும் அதனை அடித்தனர். ஆனால் பரிசு வழங்கப்படுவதற்கு முன்னரே, 1946–47இல், சுவீடனிலும் இத்தாலியிலும் அம்மருந்துக்கு அசையாத வீட்டு ஈக்கள் தோன்றிவிட்டன. மருந்துக்குத் தப்பிய சில ஈக்களின் வழித்தோன்றல்களே எங்கும் பெருகின. கொன்று தீர்த்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு தலைமுறை கூட நிலைக்கவில்லை.

1973இல் இங்கிலாந்தின் ரோதம்சுடெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட் குழுவினர் பூத்தூளின் வேதிப்பொருளைப் பின்பற்றி, வெயிலில் கெடாத பெர்மெத்ரினை உருவாக்கினர். இன்று குதிரைக்கு விற்கும் 'ஈ விரட்டி'களுள் பல இதனையோ இதன் இனத்தையோ கொண்டவை. என் உறவுப் பெண்ணின் ஐயம் சரியானதே. பெர்மெத்ரின் ஈயை அமரவிடாமல் விரட்டவும் செய்யும். தொட்ட ஈயைக் கொல்லவும் செய்யும். மீனுக்கும் தேனீக்கும் அது நஞ்சு. லாயத்தில் உலவும் பூனைக்கும் கேடு. விரட்டி என்பது புட்டியின் மேல் எழுதிய பெயர், உள்ளிருப்பது கொல்லி. சிட்ரோனெல்லாப் புல் எண்ணெய் போன்றவை மணத்தால் மட்டும் விலக்குவன. ஆனால் அவற்றின் ஆற்றல் சில நாழிகைக்கு மேல் நில்லாது, வியர்வையில் கரைந்து போகும். ஒரு நாளில் பலமுறை பூச வேண்டும். ஆள் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

அற நூலார் இங்கு என்ன சொல்கின்றனர்? இல்லறத்தான் செய்யும் இம்சையைச் சங்கற்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நால்வகையாகப் பகுப்பர். கொல்வேன் என்று கருதிச் செய்வது முதலாவது. அதனை இல்லறத்தான் முற்றும் விலக்க வேண்டும். சமைத்தல் பெருக்குதல் முதலியவற்றில் நேர்வது இரண்டாவது. தொழிலில் நேர்வது மூன்றாவது. தாக்க வருவதைத் தடுப்பதில் நேர்வது நான்காவது. பின்னைய மூன்றையும் இயன்ற மட்டும் குறைக்க வேண்டும். நோய் பரவும் காலத்தில், வேறு வழி இன்மையால், மருத்துவர் குதிரைக்கு மருந்து பூசுவதை நான் நான்காம் வகையிலேயே வைப்பேன். நோய் ஏதுமின்றி, சாணத்தை அள்ளச் சோம்பி, அதில் பிறந்த ஈயை மருந்தடித்து மாய்ப்பதை அவ்வகையில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. பிறக்க இடங்கொடுத்துப் பின் கொல்வது அது. இதில் என்னோடு மாறுபடும் பெரியோர் இருப்பர் என்பதையும் அறிவேன்.

நம் துறவியர் கையில் ஏந்தும் மயிற்பீலி இவ்வினாவுக்கு மிகப் பழைய விடை. சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகள் பீலி ஏந்தியே மதுரைக்கு வழி நடந்தார். அமரும் இடத்தில் உள்ள சிற்றுயிரை நோவின்றி அகற்றுவதற்கே அது. உயிர் வந்து சேர்வதற்கு முன் இடத்தைத் துப்புரவு செய்வதும், வந்ததை மென்மையாக விலக்குவதும் அதன் இலக்கணம். மற்றொரு கோடியில் மேற்கிந்தியச் சமணரின் பாஞ்சராப்போல்கள் உள. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சூரத்தில் அதனைக் கண்ட அலெக்சாண்டர் பர்ன்சு, நோயுற்ற விலங்குகளோடு பூச்சிகளுக்கும் தானியமிட்டுக் காக்கும் தனி அறை இருந்ததை வியப்போடும் சிறிது ஏளனத்தோடும் எழுதினார். ஏளனத்தை விடுவோம். குதிரையும் பூச்சியும் ஒரே வாயிலில் அடைக்கலம் புகுந்த இடம் அது. இரண்டுக்கும் அறை வேறு வேறாக இருந்தது என்பதே நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது.

அண்மைக்கால ஆய்வுகள் கொல்லாத வழிகளைப் பெருக்கியுள்ளன. அங்கேரி நாட்டுக் காபோர் ஓர்வாத்தும் உடன் ஆய்வாளரும், கரிய குதிரையின் மேனி ஒளியைப் பிரதிபலிக்கும் முறை குதிரை ஈயை ஈர்ப்பதையும், வெண்குதிரை அவ்வளவாக ஈர்ப்பதில்லை என்பதையும் 2010இல் காட்டினர். 2019இல் இங்கிலாந்தில் டிம் காரோ முதலியோர் குதிரைகளுக்கு வரிக்குதிரைக் கோலம் எழுதிய போர்வையைப் போர்த்திப் பார்த்தனர். வரி உள்ள இடத்தில் ஈ அமர்தல் வெகுவாகக் குறைந்தது. மூடாத தலையில் மட்டும் முன்போலவே அமர்ந்தது. வரி, ஈயின் கண்ணை மயக்கி அது இறங்கும் வேகத்தைப் பிழைபடச் செய்கிறதாம். ஓர் ஈயும் சாகவில்லை. கண்ணுக்கு வலைமூடி, உடலுக்கு மெல்லிய வெள்ளைப் போர்வை ஆகியவை இன்று கடைகளிலேயே கிடைக்கின்றன. குறுங்கொசு வலிய காற்றில் பறக்க மாட்டாது. லாயத்தில் மின்விசிறி சுழன்றால் அஃது அணுகாது. குதிரை ஈ நிழலான கூரைக்குள் நுழைவது அரிது. நடுப்பகலில் குதிரையை உள்ளே கட்டி, குறுங்கொசு ஓயும் முற்பகலிலும் பிற்பகலிலும் மேயவிடலாம். சாணத்தை நாள்தோறும் அகற்றினால் லாய ஈயும் வீட்டு ஈயும் குறையும்; கோடையில் வீட்டு ஈ முட்டையிலிருந்து முழு ஈயாக ஏழு முதல் பத்து நாள் போதுமாதலின், வாரம் ஒருமுறை அள்ளுவது பயன்படாது.

இவற்றை எல்லாம் எழுதி அவளுக்கு அனுப்பினேன். பண்ணையில் எட்டுக் குதிரைகளுக்கு வெள்ளைப் போர்வையும் கண்வலையும் வாங்க இசைவு பெற்றுவிட்டதாகவும், சாணக் குழியை லாயத்திலிருந்து தள்ளி வெட்டச் சொல்லியிருப்பதாகவும் மறுமொழி வந்தது. மருந்துப் புட்டி பூட்டிய அலமாரியில் இருக்கிறதாம், சாவி அவளிடம். சர்ரா கண்ட செய்தி அக்கம்பக்கத்தில் வந்தால் எடுப்பேன் என்கிறாள். வரிக்குதிரைப் போர்வைக்கு மட்டும் பண்ணை உரிமையாளர் இசையவில்லை. குதிரையைப் பார்க்க வருவோர் சிரிப்பார்கள் என்றாராம்.